கொழுந்து வாட்டும் அறையின் காவலாளிக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள ஊராருக்கு, வணக்கம்.

ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். டார்ச் விளக்கோடு தேயிலைக்குள் இறங்கி என்னைத் தேடியவர்களே நீங்கள்தான். அதை மறுபடி எழுதவில்லை. இப்போது இரவில் 4 மணி நேரமாவது தூங்குகிறேன். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஓடை வரை இறங்கிய இளைஞர்கள், நள்ளிரவில் ஜீப்பை எடுத்த டிரைவர் தம்பி, பத்து நாள் என் மனைவியைத் தனியாக விடாத அக்காமார், கோவையிலிருந்து வந்து என்னோடு தங்கிய பழைய பட்டாளத்துத் தோழர்கள், குன்னூரில் பொறுமையாக என் காதைச் சோதித்த டாக்டரம்மா, எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன். யாராவது விட்டுப்போயிருந்தால் கோபிக்க வேண்டாம். வீட்டுக்கே வந்து திட்டலாம், வலது பக்கம் நின்று திட்டினால் கேட்கும்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். அவர் என்னைத் தேடி வந்தவரல்ல. கேட்டை விட்டு அவரால் நகர முடியாது. கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலை பேக்டரி ஒன்றில் இரவுக் காவல் அவர். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் என்னைக் கண்டுபிடித்து ஒரு வாரம் இருக்கும். அன்று இரவு மழை விட்டிருந்தது. மழை பெய்யும்வரை பாதகமில்லை. தகரக் கூரை என் காதைப் பார்த்துக்கொள்ளும். மழை நின்றதும் மலை முழுவதும் அடங்கிவிடும், என் இடது காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும் விசில் மட்டும் மிஞ்சும். சில்வண்டு மாதிரியா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சில்வண்டுக்கு ஓய்வு உண்டு. மனைவி தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு ரோட்டில் நடந்தேன். மணி இரண்டு இருக்கும்.

"தம்பி, அந்த வளைவில் காட்டெருமை நிற்கிறது. உள்ளே வாருங்கள்" என்று கேட்டிலிருந்து குரல் வந்தது.

போனேன். கொழுந்து வாட்டும் அறையின் சுவரோரம் ஒரு முக்காலி போட்டார். பச்சை இலையை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறிகள் இரவெல்லாம் காற்றைத் தள்ளும் அறை அது. ஒரே சீரான, தணிந்த இரைச்சல். வாடும் இலையின் வாசனை. சற்று நேரத்தில் என் விசில் அந்த இரைச்சலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தேடினால்தான் கேட்டது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். விழித்தபோது என்மேல் கம்பளி இருந்தது, பக்கத்தில் ஒரு டம்ளர் கட்டன் டீ இருந்தது. ஏன் இந்த நேரத்தில் நடக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் இரவு நான் போவதற்கு முன்பே முக்காலி அங்கே இருந்தது. 11 இரவுகள் அப்படி.

கடைசியில் நான்தான் கேட்டேன், என் காது விஷயம் எப்படித் தெரியும் என்று. "இலை உருட்டும் ரோலிங் அறையில் 27 வருடம் நின்றேன் தம்பி. மெஷின் எப்போதும் என் இடது பக்கம். உங்களுக்கு விசில், எனக்கு வண்டு" என்றார். காவல் வேலை வந்தபோது அந்தச் சுவரோரத்தை அவரே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். தனக்காகப் போட்டிருந்த முக்காலியைத்தான் எனக்குக் கொடுத்துவிட்டு, 11 இரவும் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

அன்று முதல் இது மனதை அறுக்கிறது. எனக்கு நேர்ந்ததற்கு ஒரு கௌரவமான கதை இருக்கிறது. வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுபவனின் இடது காது குழல்வாய்ப் பக்கம் திரும்பியிருக்கும். அதனால் இடதுதான் அதிகம் அடிபடும் என்பார்கள். ராக்கெட் லாஞ்சர் சுட்ட நாளில் காதில் எதுவும் வைக்காமல் வீரம் காட்டியதும் நான்தான், அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஊரார் 'பட்டாளத்துக் காது' என்று மரியாதையாகச் சொல்கிறீர்கள். அவருடைய காதை 'வயதாகிவிட்டது' என்று எல்லோரும் தள்ளிவிட்டார்கள். டாக்டரம்மா சொன்னது இது: 140 டெசிபலைத் தாண்டும் ஒரே வெடிச்சத்தம் செய்யும் சேதத்தை, 85 டெசிபலுக்கு மேல் தினமும் 8 மணி நேரம் ஓடும் மெஷின் மெல்ல மெல்லச் செய்துவிடுமாம். உட்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் போனால் மறுபடி முளைக்காது. அது எந்தச் சத்தத்தில் போனது என்று செல்லுக்குத் தெரியுமா என்ன?

தணிந்த சத்தத்தைப் பின்னணியில் ஓடவிடுவது சரியான வழிதான் என்றும் டாக்டரம்மா சொன்னார். முழு நிசப்தத்தில் மூளை அந்த விசிலையே உற்றுக் கேட்கத் தொடங்கிவிடுமாம். எனவே குன்னூரில் ஒரு சின்ன மேஜை மின்விசிறி வாங்கினேன். சென்னையிலிருந்து யார் வருகிறார்கள் என்று கடைக்காரர் கேட்டார். இந்த மார்கழிக் குளிரில் ஃபேன் ஓடும் வீடு நம் ஊரில் எங்களுடையது மட்டும்தான். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். ஆனாலும் என் மனைவி குல்லாவோடுதான் படுக்கிறாள். அவளுக்கும் இங்கேயே நன்றி.

பட்டாளத்துக்கு ஆள் எடுப்புக்குப் போகும் பையன்களே, ஓடிப் பழகும் மைதானத்துக்கு இனி ஞாயிறுதோறும் நான் வருவேன். பஞ்சு போதாது, காதடைப்பான் வேண்டும் என்பதை நீங்கள் சலிக்கும்வரை சொல்வேன்.

காவலாளி அண்ணனின் காதையும் சோதிக்க வேண்டும். இந்த வயதில் எதற்கு என்று மூன்று வாரம் மறுத்தார். முக்காலிக் கடனைத் தீர்க்காமல் இனி டீ குடிக்க மாட்டேன் என்றதும் இறங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் குன்னூர் போகிறோம். இருவருக்கும் வலது காதுதான் கேட்கும் என்பதால், இருக்கையில் யார் இடப்பக்கம் உட்காருவது என்பது இன்னும் முடிவாகவில்லை.