1958 பட்டம் காசு சுண்டித் தீர்க்கப்பட்டதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் விளையாட்டுத் துணுக்குகள் பகுதியில், பிரிட்டனின் தேசிய சலூன் கார் (அன்றாடம் குடும்பங்கள் ஓட்டும் மூடிய கார்) பந்தயத் தொடருடைய முதலாம் ஆண்டுப் பட்டம் காசு சுண்டிப் பார்த்து வழங்கப்பட்டதாக ஒரு வரி வெளியாகியிருந்தது. அது தவறான செய்தி. காசு சுண்டலாம் என்ற யோசனை எழுந்தது உண்மைதான். ஆனால் பட்டத்துக்கு உரிமை கோரிய இருவருக்கும் அது பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக அவர்கள் ஓட்டிய பந்தயம்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பேசப்படுகிறது. அந்தப் பந்தயத்தையே விட்டுவிட்டுக் காசை மட்டும் அச்சிட்டது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இத்தொடர் 1958ஆம் ஆண்டு தொடங்கியது. பெரிய காரும் சிறிய காரும் ஒரே தடத்தில் ஓடினாலும், எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து அவை வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஓட்டுநர் தம் வகுப்புக்குள் எந்த இடத்தில் வந்தாரோ அதற்குத்தான் புள்ளி. இதனால் பந்தயத்தில் முன்னால் போய்க்கொண்டிருப்பவரும், அவருக்கு வெகு தூரம் பின்னால் வருபவரும் பட்டத்துக்குச் சம உரிமையுடன் போட்டியிட முடிந்தது. நார்ஃபோக்கில் பண்ணை வைத்திருந்த ஜாக் சியர்ஸ் ஓட்டியது 2.6 லிட்டர் ஆஸ்டின் ஏ105. சாப்வித் கேமல் போர் விமானத்தால் உலகறிந்த சர் தாமஸ் சாப்வித்தின் மகன் டாமி சாப்வித் ஓட்டியது 3.4 லிட்டர் ஜாகுவார். அந்த இரண்டு கார்களுக்கும் வேகத்தில் ஒப்பீடே கிடையாது. ஆயினும் இருவரும் தத்தம் வகுப்பில் வாரிக்குவித்த புள்ளிகள், தொடர் முடிந்தபோது ஒன்றுக்கொன்று குறையாமலும் கூடாமலும் நின்றன.

இங்கேதான் காசுப் பேச்சு வந்தது. இருவரும் மறுத்த பிறகு, ஒரே மாதிரியான இரண்டு ரைலி ஒன்றரை லிட்டர் கார்கள் கென்ட் மாவட்டத்திலுள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. ஆளுக்கு ஒரு காரில் ஐந்து சுற்று ஓடுவது, பிறகு காரை மாற்றிக்கொண்டு மீண்டும் ஐந்து சுற்று ஓடுவது, இரண்டு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவருக்கே பட்டம் என்பது ஏற்பாடு. அக்காலத்தில் பிராண்ட்ஸ் ஹாட்ச்சின் சுற்று சுமார் 2 கிலோமீட்டர்தான். ஆக, மொத்தம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஓட்டம். முடிவில் ஜாக் சியர்ஸ் 1.6 வினாடி வித்தியாசத்தில் வென்று முதல் சாம்பியன் ஆனார்.

காரை மாற்றிக்கொண்டார்கள் என்ற அந்த ஒரு விவரம் எத்தனை நுட்பமானது என்பதைப் பட்டறையில் கை கறுத்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், ஒரு தோட்டத்தின் பட்டறையில் 1966இல் உதவியாளாகச் சேர்ந்து வாழ்நாள் முழுவதும் எஞ்சின்களோடு பழகியவன் நான். எங்கள் துரை, அதாவது தோட்ட நிர்வாகி, ஓர் எம்.ஜி. மேக்னட் கார் வைத்திருந்தார். அதன் எஞ்சினும் அந்த ரைலியின் எஞ்சினும் ஒரே குடும்பம்: 1,489 சி.சி. கொள்ளளவு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு. அந்த இரண்டு கார்புரேட்டர்களையும் ஒத்துப்போக வைப்பதற்குப் பெரிய கருவி எதுவும் எங்களிடம் இல்லை. ஒரு முழ நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் ஒரு கார்புரேட்டரின் வாயிலும் பிறகு மற்றதன் வாயிலும் பிடிக்க வேண்டும். காற்று உள்ளே இழுபடும் சீறல் இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கும்வரை திருகாணியைக் கால் திருகு, அரைக்கால் திருகு என்று நகர்த்த வேண்டும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஃபிட்டர், நான் சரியாகிவிட்டது என்று எழுந்த பிறகும் குழாயை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் ஒரு மயிரிழை திருப்புவார். ஒரே காரிலுள்ள இரண்டு கார்புரேட்டர்களே இவ்வளவு முரண்டு பிடிக்கும்போது, ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வெளிவந்தாலும் இரண்டு கார்கள் அச்சொட்டாக ஒன்றாக இருந்துவிட முடியாது. பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் இதை அறிந்தவர்கள். அதனால்தான் ஒரே மாதிரியான கார்களைக் கொடுத்ததோடு நிறுத்தாமல், அவற்றை மாற்றியும் ஓட்டச் சொன்னார்கள். இதைவிட நேர்மையான ஒரு முடிவுமுறையை மோட்டார் பந்தயத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

காசு சுண்டுவதைப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. 1964ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி எங்கள் தோட்டத்தில் நடந்த சைக்கிள் பந்தயத்தில் நானும் பக்கத்து லயத்துப் பையன் ஒருவனும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டோம். கோட்டருகே நின்ற இருவரில் ஒருவர் என் பெயரையும் மற்றவர் அவன் பெயரையும் சொன்னார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அடுத்ததாகக் கயிறு இழுக்கும் போட்டிக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். தோட்ட அலுவலகக் கிராணி (எழுத்தர்) ஒருவர் சட்டைப் பையிலிருந்து இருபது காசை எடுத்து, தலையா பூவா என்று கேட்டார். நான் பூ என்றேன், பூ விழுந்தது. கோப்பை எனக்கு வந்தது. என்னுடையது என் தாய்மாமா அந்த வருடம் வாங்கித் தந்த புது சைக்கிள். அவனுடையது அவன் அப்பா விடியற்காலையில் பால் வாளி கட்டிக்கொண்டு போகும் கனத்த சைக்கிள். பந்தயத்தன்றுகூடப் பின்னாலிருந்த இரும்புக் கேரியரைக் கழற்றவில்லை. சைக்கிளை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை ஓடிப் பாருங்கள் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்தக் கோப்பை இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அது எனக்கு உரியதா என்பது எனக்குத் தெரியாது.

ஜாக் சியர்ஸ் 1963இல் மீண்டும் அதே பட்டத்தை வென்றார். சாப்வித் பிற்காலத்தில் கடலில் விசைப்படகுப் பந்தயங்களுக்குச் சென்று அங்கேயும் வெற்றி கண்டார். சியர்ஸ் 2016இலும் சாப்வித் 2019இலும் காலமானார்கள். அவர்கள் முதலாம் ஆண்டில் ஓட்டிய அந்தத் தொடர் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் சியர்ஸ் பெயரால் ஒரு விருதும் வழங்கப்படுகிறது.

எனவே, அடுத்த ஞாயிறு இதழில் இதற்கொரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவாக இருந்தால் இரண்டு வரி போதும். ஆனால் அந்த இரண்டு வரியில் வென்றவரின் பெயரோடு டாமி சாப்வித்தின் பெயரும் இடம்பெற வேண்டும். காசு விழுந்திருந்தால் அவருக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தம் ஜாகுவாரை விட்டு ஒரு சிறிய காரில் ஏறி உட்கார்ந்தவர் அவர்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தோட்டப் பட்டறை ஊழியர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.