கம்பை இறுக்கிப் பிடிக்கச் சொல்லும் பழக்கம் மாற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பினாங்கில் உயரமான கண்ணாடிச் சன்னல்களை நீட்டுக்கம்பு கொண்டு துடைக்கும் வேலையில் 14 ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது அதே வேலைக்கு மேற்பார்வையாளராக இருப்பவன் நான். ஏணியில் ஏறாமல் தரையில் நின்றபடியே மேல்மாடிக் கண்ணாடியைத் துடைக்க முடிவதால், விழுந்து அடிபடும் ஆபத்து பெரிதும் குறைந்திருக்கிறது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதே கம்பு மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் செய்யும் கேடு, மெல்ல மெல்ல வருவதாலும் வெளியே தெரியாததாலும், யாருடைய கவனத்துக்கும் வராமலே போகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் எங்கள் தொழிலாளர்களுக்குச் சொல்லப்படும் ஓர் அறிவுரையே இதற்குப் பெருமளவு காரணம் என்று நம்புவதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்குச் சொல்லப்பட்டதும் அதே அறிவுரைதான். "நல்லா இறுக்கிப் பிடி தம்பி, கொஞ்ச நாளில் கை பழகிவிடும்" என்றார் அன்றைய மேற்பார்வையாளர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கை பழகவில்லை. ஒரு நாள் மாலை, தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் வேலையை முடித்துக்கொண்டு பெருநிலப் பக்கம் பிறையிலுள்ள வீட்டுக்குத் திரும்பும்போது, பினாங்குப் பாலத்தின் நடுவில் என் வலக்கைக் கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயின. மோட்டார் சைக்கிளின் ஆக்சிலரேட்டரை விட்டுக் கையை உதறவும் முடியாமல், 13.5 கிலோமீட்டர் பாலத்தின் மிச்சத்தை எப்படிக் கடந்தேன் என்பது எனக்கே தெரியாது. அதன்பின் இரவில் தூக்கம் கலைந்து எழுந்து கையை உதறுவதும், காலையில் ஈரத்துணியைப் பிழிய முடியாமல் மனைவியிடம் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டன. அப்போது நான் வேலை செய்த நிறுவனத்தில் இதைச் சொன்னபோது, தைலம் தேய்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மணிக்கட்டின் குறுகிய வழியில் செல்லும் நரம்பு நெரிபடுகிறது என்று ஒரு மருத்துவர் விளக்கும்வரை, வயதாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். அப்போது எனக்கு வயது 36.

விரல்களை மடக்கி இறுக்கும் தசைகளில் பெரும்பாலானவை விரல்களில் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. ஒரு கம்பை இறுகப் பற்றியபடி மணிக்கட்டையும் வளைத்து மேலும் கீழுமாகத் தேய்க்கும்போது, அந்தத் தசைகளும், மணிக்கட்டை நிலைநிறுத்தும் முன்கையின் வெளிப்பக்கத் தசைகளும் ஒரு நொடியும் தளர வழியில்லாமல் போகிறது. முழங்கையில் அவை எலும்போடு சேரும் இடமும், மணிக்கட்டு வழியாகச் செல்லும் தசைநார்களும் நாள்பட நோகத் தொடங்குகின்றன. தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்று வலிப்பது இதன் தொடக்க அடையாளங்களில் ஒன்று. அந்தக் கட்டத்திலேயே வேலைமுறையை மாற்றிக்கொண்டவர்கள் சில வாரங்களில் தேறியதைப் பார்த்திருக்கிறேன். தைலத்தையும் வலி மாத்திரையையும் நம்பித் தொடர்ந்தவர்களுக்கோ மாதக்கணக்கில் ஆனது.

ஆகவே என் குழுவுக்குப் புதிதாக வருபவரிடம் நான் முதலில் சொல்வது, கம்பு கையிலிருந்து நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும் என்பதைத்தான். கம்பின் கீழ்ப்பகுதியைப் பிடிக்கும் கீழ்க்கை இடுப்புக்கு அருகிலும், அதற்கு மேலே பிடிக்கும் மேல்கை தோளுக்கு மேலே போகாமலும் இருக்க வேண்டும். தள்ளுவதும் இழுப்பதும் கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வர வேண்டும். மேல்கை வழிகாட்டினால் போதும். மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சன்னல் முடிந்ததும் மேல்கையையும் கீழ்க்கையையும் மாற்றிக்கொள்வது முதலில் தடுமாற்றமாக இருக்கும்; ஒரு வாரத்தில் சரளமாகிவிடும். பக்கத்துச் சன்னலுக்குக் கையை எட்டிப் போடாமல் இரண்டடி நடந்து செல்வதும் அப்படித்தான்.

நிற்கும் இடமும் முக்கியம். 5 மீட்டர் கம்பைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து இரண்டரை மீட்டர் விலகி நிற்பவரின் கைகள், ஒன்றேகால் மீட்டரில் நிற்பவரின் கைகளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சாய்வுப் பளுவைத் தாங்குகின்றன. கம்பின் எடை மாறாவிட்டாலும், அது வெளியே சாயச் சாய மணிக்கட்டை முறுக்குகிறது. அதற்காகச் சுவரோடு ஒட்டி நின்றால் கழுத்து போய்விடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கம்பு மெல்லியதாக இருந்தால் விரல்கள் கூடுதலாக இறுக வேண்டியிருக்கிறது. பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் அளவு வெட்டிக் கைபிடிக்கும் இடத்தில் ஏற்றிவிட்டால், பிடி தடித்து, ஈரத்திலும் வழுக்காது. துணி சுற்றுவதை நான் அனுமதிப்பதில்லை. நனைந்ததும் அது முன்பைவிட மோசமாக வழுக்கும். கண்ணாடியிலிருந்து நீரை வழிக்கும் வைப்பரின் ரப்பர் தேய்ந்திருந்தால் அதுவும் இதே கேட்டைச் செய்கிறது. புது ரப்பர் ஒரே இழுப்பில் நீரை வழிக்கும்; தேய்ந்ததோ மூன்று முறை அழுத்தி இழுத்தாலும் கோடு விடும்.

நாங்கள் வேலை செய்யும் தீவில் கடலோரக் கட்டடங்களின் கண்ணாடியில் உப்புப் படியும். அதைப் பலங்கொண்டு தேய்ப்பவர்களே அதிகம். சோப்பு நீரைத் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிட்டால் பாதி வேலை தானாக நடக்கும். காலையில் மேற்குப் பக்கத்தையும் பிற்பகலில் கிழக்குப் பக்கத்தையும் துடைத்தால், வெயிலில் சோப்பு காய்ந்து அதையே மறுபடியும் தேய்க்கும் கொடுமை இருக்காது.

இவை எல்லாம் தொழிலாளி செய்யக்கூடியவை. கம்பை வாங்குவது அவரல்லவே. கார்பன் இழைக் கம்பு அலுமினியக் கம்பைவிட இலேசானது, விலையும் கூடுதல். இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மின்கம்பிகள் அருகில் உள்ள இடங்களில் எதையும் உயர்த்தாமல் இருப்பதே சரி. குத்தகை விலையைக் கடைசி ரிங்கிட் வரை குறைக்கும் கட்டட நிர்வாகங்கள், எத்தகைய கம்பு பயன்படுத்தப்படும், ஒரு மணி நேரத்துக்குள் கைக்கு எத்தனை நிமிட ஓய்வு கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் குத்தகைப் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1994ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் 1.6.2024 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. வேலையிடத்தின் ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடுவது இப்போது முதலாளியின் கடமை.

வலி வந்துவிட்டவர்கள் அதை மறைக்க வேண்டாம். எந்த வேலை செய்யும்போது வலி தொடங்கியது என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, கிளினிக்கில் மருத்துவரிடம் தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொழிலால் வரும் நோய்களுக்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு, 1.1.2019 முதல் சட்டப்படி வேலைக்கு அமர்த்தப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதன் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். எங்களோடு கம்பு பிடிக்கும் நேப்பாள, வங்காளதேசத் தோழர்கள் பலருக்கு இது தெரியாது. இதைப் படிக்கும் மேற்பார்வையாளர்கள், அடுத்த வேலை நாளின் காலைக் கூட்டத்தில் அவர்களுக்கு இதை மலாயில் எடுத்துச் சொல்லும்படி அன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
துப்புரவுப் பணி மேற்பார்வையாளர்,
பிறை, பினாங்கு.