எங்கள் ஊர்த் திடலுக்கும் ஒரு ஞாயிறு கொடுங்கள்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் குடும்ப விளையாட்டு விழா, சிறுவர் ஓட்டம், பொங்கல் போட்டி, கலை நிகழ்ச்சி என்று வருடம் முழுக்க நடத்திக்கொண்டிருக்கும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பேராக் மாநிலத்தில், தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே, செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். ஒரு வரிசைக் கடை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி), அதைத் தாண்டினால் தோட்டம். கணவர் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். நான் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறேன். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8.

போன வருடம் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாநகர் மன்றம் நடுப்பட்டணத்துச் சாலைகளைக் காருக்கு மூடிவிட்டு, ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கும் திறந்துவிடுகிறதே, 2014இல் ஆரம்பித்தது, அதைப் பார்க்கத்தான் போனோம். 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடித்துவிடுவார்கள் என்பதால் விடியற்காலை 4 மணிக்கே எழுந்து கிளம்பினோம். மகன் வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தான். இறங்கிச் சாலையில் கால் வைத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, இங்க லாரி வராதா?" எங்கள் ஊரில் பள்ளிக்குப் போகிற சாலையில் குலை ஏற்றிய லாரி வந்தால் பிள்ளைகள் புல்லில் இறங்கி நின்று அது போன பிறகுதான் மறுபடி ஏற வேண்டும். அவ்வளவு அகலச் சாலையில் நடுக்கோட்டின் மேலேயே ஓடலாம், யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள் என்பதை நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் ஓடினான் பாருங்கள், அவன் அப்பாவால் பிடிக்க முடியவில்லை. மகள் ஒரு பாட்டியைக் காட்டினாள், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பேரன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார். "நம்ம பாட்டி ஏம்மா வெளியவே வர மாட்டேங்குது?" என்று கேட்டாள். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

மதியம் இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் கேஎல்சிசி பூங்காவில் பிள்ளைகளுக்கான தண்ணீர்க் குளத்தில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் நீரூற்று. எல்லாமே இலவசம். ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோது டோல், பெட்ரோல், கார் நிறுத்தியது, காலைப் பசியாறல், மதியச் சாப்பாடு, பிள்ளைகள் கேட்ட ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்து 170 வெள்ளி (ரிங்கிட்). 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்கு ஒரே நாளில் போய்விட்டது. கம்யூட்டர் ரயில் தஞ்சோங் மாலிம் வரைக்கும் வருகிறது, அதில் போயிருக்கலாமே என்று சொல்வீர்கள். சரி, ஆனால் எங்கள் ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கே கார் வேண்டும், ஸ்டேஷனிலிருந்து பட்டணத்துக்கு அதற்குமேல் எவ்வளவு நேரம், இரண்டு பிள்ளைகளோடு காலை 7 மணிக்கு அங்கே நிற்பது நடக்கிற காரியமா? வருடத்துக்கு ஒரு தடவை போகலாம். மீதி 51 ஞாயிறு?

உங்கள் நிகழ்ச்சிகளின் படங்களை நான் விடாமல் பார்க்கிறேன். பூங்காவில் சாக்கு ஓட்டம், மண்டபத்தில் உறியடி, அப்பா மகள் ஜோடி ஓட்டம், வேட்டி கட்டிய சின்னப் பையன்கள் கயிறு இழுப்பது. பார்க்கும்போது மனசு நிறைகிறது, உண்மையாகவே. ஆனால் பதிவுக் கட்டணம் பிள்ளைக்கு 35, 40 வெள்ளி, டி-சட்டையும் பதக்கமும் சேர்த்து. பதிவு இணையத்தில். எங்கள் கைப்பேசிக்குச் செய்தி வந்து சேரும்போது இடம் முடிந்திருக்கும். அங்கே நடத்துவது தப்பு என்று சொல்ல வரவில்லை. அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் நடத்தும் நாலைந்து நிகழ்ச்சிகளில் ஒன்றை எங்களைப் போன்ற ஊரில் நடத்துங்கள். பட்டணத்தில் ஓட இடம் இல்லாமல் சாலையை மூட வேண்டியிருக்கிறது, பூங்காவை மாதக் கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. எங்களிடம் முழு அளவுக் காற்பந்துத் திடல் ஒன்று முழங்கால் உயரப் புல்லோடு கிடக்கிறது.

அந்தத் திடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் இப்படி ஒரு திடலில்தான் வளர்ந்திருப்பீர்கள். ரப்பர் காலத்தில் தோட்ட நிர்வாகம் வெட்டிக்கொடுத்தது. ஒரு பக்கம் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள், ஒரு பக்கம் கோயில், எதிரில் ஆபீஸ். மே தினத்துக்கும் பொங்கலுக்கும் அங்கே விளையாட்டு நடக்கும். அப்பா சொல்வார், காலையில் பால்மரம் வெட்டி, பால் நிறுத்துவிட்டு வந்த கையோடு கயிறு இழுக்க நிற்பார்களாம், பத்தாம் நம்பர் லயம் ஒரு பக்கம், புது லயம் ஒரு பக்கம். பெண்களுக்குத் தனியாகத் தண்ணீர்க் குட ஓட்டம். வழுக்குமரத்தில் ஏறிப் பரிசை எடுத்தவன் பேரை ஒரு வருடம் முழுக்கச் சொல்வார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு காற்பந்து என்றால் லாரியில் ஆள் வரும். ராத்திரி அதே திடலில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் போடுவார்கள், ஆளாளுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள், துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்களும் உண்டு. நானே அதன் கடைசிக் காலத்தைப் பார்த்திருக்கிறேன். இலவசமாக மைலோ பானம் கொடுக்கும் லாரி வந்தால் வரிசையில் மூன்று தடவை நின்றிருக்கிறேன்.

அப்புறம் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். சில தோட்டங்கள் வீட்டு மனையாயின. லயம் இடிந்தது, ஆள்கள் தாமானுக்கும் பட்டணத்துக்கும் கலைந்தார்கள். விளையாட்டை எடுத்து நடத்திய இளைஞர்கள்தான் முதலில் போனார்கள், வேலை அங்கேதானே இருந்தது. திடல் மட்டும் மிஞ்சியது. அதனால்தான் இந்த மடலை நான் அமைச்சுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். போனவர்கள் நீங்கள்தான், அல்லது உங்கள் அண்ணன், அக்கா, மாமா. குற்றம் சொல்லவில்லை, நானும் அந்த வயதில் போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பிடம் கேட்டுப் பார்த்தோம். "உங்க ஊர்ல ஆள் சேராதே அக்கா" என்று சொன்னார்கள். ஆடித் திருவிழாவுக்கு வந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். சுற்றியுள்ள தோட்டங்கள், கிராமங்களிலிருந்து மோட்டாரிலும் வேனிலும் வருகிற கூட்டத்துக்குச் சோறு போடும் ஊர் இது. மைக்கில் சொல்லி, பள்ளியில் ஒரு தாள் கொடுத்து, கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை அறிவித்தால் போதும்.

இன்னொரு தடவை வேறு ஓர் அமைப்பு வந்தது. 8 மணிக்கு என்று சொன்னார்கள். பிள்ளைகள் ஏழரைக்கே ஷூ போட்டு வந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது பதினொன்றேகால். மூன்று பேச்சு, மாலை, பொன்னாடை, பரிசுக்கூடை கொடுத்துப் படம். அதுவரைக்கும் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள், ஒருத்தி மயங்கி விழுந்தாள். ஓட்டப்பந்தயம் ஆரம்பித்து இரண்டு சுற்று ஓடுவதற்குள் மழை. கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என் மகள் அரையிறுதியில் ஜெயித்திருந்தாள். இறுதிச் சுற்று எப்போது என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதனால் இதையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வந்தால் விளையாட வாருங்கள். பேச்சு வேண்டாம், வேண்டுமென்றால் கடைசியில் ஐந்து நிமிடம். இந்தப் பக்கம் மலையடிவாரம், மத்தியானம் மேகம் திரண்டால் மழைதான், அக்டோபர், நவம்பர் என்றால் கேட்கவே வேண்டாம். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடித்துவிட வேண்டும். ஞாயிறாக இருக்கட்டும், சனிக்கிழமை தோட்டத்தில் வேலை இருக்கும். தேசிய விளையாட்டு நாள் அக்டோபரில் இரண்டாவது சனிக்கிழமை, அதற்கு மறுநாள் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன், ஆனால் தீபாவளிச் செலவும் பலகாரமும் அப்போதுதான் தொடங்கும். பொங்கல் முடிந்த பிறகு வரும் ஒரு ஞாயிறு நல்லது, வெயில் காலமாக இருக்கும், மழை ஓய்ந்திருக்கும்.

எங்களிடம் இல்லாதது இவைதான். சரியாகக் கோடு போட்டு, நேரம் பிடித்து, தோற்ற பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லி ஓட்டப்பந்தயம் நடத்தத் தெரிந்த நாலு பேர். ஒலிபெருக்கி. முதலுதவி வண்டி. மாவட்ட மன்றத்துக்கும் போலீசுக்கும் எழுத வேண்டிய கடிதங்களில் பழகிய ஒருவர், எங்களுக்கு அதில்தான் பயம். முக்கியமாக, பிள்ளைகளைப் பார்க்க ஒரு பயிற்றுநர். பரிசு கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, "இந்தப் பிள்ளையை விடாமல் ஓட வையுங்கள்" என்று ஒருவர் வந்து சொன்னால் அந்த வீட்டில் அது பெரிய விஷயம். மீதி எங்கள் பாடு. புல் வெட்டும் இயந்திரம் கணவரின் நண்பர்கள் மூன்று பேரிடம் இருக்கிறது. பந்தல், நாற்காலி கோயிலில் இருக்கிறது. சமையலுக்கு ஆள் நான் பிடித்துத் தருகிறேன், காலையில் இட்லியும் மதியம் சோறும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு போட்டி மட்டும் கட்டாயம் வையுங்கள், பாட்டிகளுக்கான நடை. ஐம்பது மீட்டர் போதும். என் மாமியார் இருபத்தெட்டு வருடம் பால்மரம் வெட்டியவர், விடியற்காலையில் வாளியோடு எத்தனையோ மைல் நடந்த கால் அது, இப்போது நாள் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. மகள் அன்றைக்குக் கேட்டதற்குப் பதில் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது: வெளியே வரச் சொல்லி யாரும் பாட்டியைக் கூப்பிடவில்லை.

இங்கிருந்து வடக்கே போனால் தாப்பா. ஓட்ட வீராங்கனை எம். ராஜாமணி பிறந்த ஊர். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர், 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். மகளுக்கு இதைச் சொன்னபோது, "தாப்பாவா? நம்ம தாப்பாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அடுத்த நாள் சாயங்காலம் திடலைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள், மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். இப்போது ஒன்பது பேர் ஓடுகிறார்கள். புல் உயரமாக இருப்பதால் ஓரத்தில் மண் தெரிகிற இடத்தில் மட்டும் ஓடுகிறார்கள், அங்கே ஒரு தடம் விழுந்திருக்கிறது. நேரம் பார்ப்பது என் கைப்பேசியில்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒருவராவது வந்து திடலைப் பாருங்கள். எந்த நாள் சாயங்காலமும் ஐந்தரைக்குப் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன ஓட்டக் காலணி வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். 3, 4ஆம் அளவு எங்களுக்கு அவசரமாக வேண்டும், இரண்டு பேர் வெறுங்காலில் ஓடுகிறார்கள்.

அன்புடன்,
தஞ்சோங் மாலிம் வட்டாரத்திலிருந்து ஓர் அம்மா