தையல் பிரித்த பிறகு யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிலிப்பீன்ஸுக்குப் போய் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக உதட்டுப்பிளவு அறுவை சிகிச்சை செய்துவிட்டு வந்த மருத்துவக் குழுவைப் பற்றி ஞாயிறு இதழில் இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். ஒரே வாரத்தில் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையை முழுமையாக்கிவிட்டுக் குழு திரும்பியது என்று அதில் ஒரு வரி. அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

நான் ஓய்வுபெற்ற அறுவைக்கூடத் தாதி. வேலையில் இருந்த காலத்திலேயே விடுப்பு எடுத்துக்கொண்டு இப்படிப்பட்ட குழுக்களோடு பிலிப்பீன்ஸின் பிக்கோல் வட்டாரத்துக்குத் தொண்டூழியத்துக்குப் போனவள். அதனால் தொண்டூழியத்தையே குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பிளந்த உதட்டை ஒரு மணி நேரத்தில் சேர்த்துத் தைத்துவிடலாம், உண்மைதான், மயக்கம் தெளிந்த பிள்ளையைத் தாய் கையில் வாங்கும்போது பக்கத்தில் நிற்கிற எங்களுக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் உதடு மட்டும்தானா? மேலண்ணமும், அதாவது வாயின் மேற்கூரையும், பிளந்த பிள்ளைக்கு உதட்டை மூன்று மாதத்துக்குப் பிறகு, அண்ணத்தை ஒன்று ஒன்றரை வயதுக்குள், பல் ஈறுக்குள் இருக்கும் எலும்பை எட்டு ஒன்பது வயதில் என்று தவணை தவணையாகத்தான் செய்ய வேண்டும். நடுவில் காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும். பேச்சு மூக்கு வழியே வரும், அதற்குப் பயிற்சி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். இதில் எதை ஐயா ஒரு வாரத்தில் முழுமையாக்கினார்கள்?

அண்ணம் தைத்த பிள்ளை விரலை வாயில் விட்டால் தையல் போய்விடலாம் என்று, முழங்கை மடங்காமல் கட்டிவைப்போம். ஒருமுறை நாங்கள் கொண்டுபோன கைத்தடுப்புகள் தீர்ந்துவிட்டன. அந்த ஊர் மருத்துவமனைத் தாதி ஒருவர் ராத்திரி உட்கார்ந்து, குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கீறி, உள்ளே பஞ்சு வைத்து, மேலே கட்டுத்துணி சுற்றி, ஒவ்வொரு பிள்ளையின் கையையும் அளந்து பார்த்துச் செய்து கொடுத்தார். நாங்கள் விமானம் ஏறிய பிறகு உதட்டுத் தையல் பிரித்ததும் அவர்தான். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருந்து கொடுத்ததும், அண்ணத்தில் ஓட்டை விழுந்து பால் மூக்கில் வருகிறதே என்று அழுத தாய்க்குப் பதில் சொன்னதும் அவர்தான். உலகத்துக்கே தாதியரை அனுப்புகிற நாட்டில் ஊரை விட்டுப் போகாமல் இருந்த மனுஷி. நீங்கள் போட்ட குழுப் படத்தில் உள்ளூர்த் தாதி ஒருவர்கூட இல்லை.

இது முதல் தடவையும் அல்ல. ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் மருத்துவமனைக் கப்பலைப் பற்றி எழுதியபோதும் பிள்ளைகளின் ‘முன்பு’, ‘பின்பு’ படங்களை முகத்தை மறைக்காமல் போட்டீர்கள். சிங்கப்பூரில் வார்டில் படுத்திருக்கும் ஒரு பிள்ளையை அப்படிப் போடுவீர்களா? அப்போதே எழுதினேன். கடிதம் நான்கு வரியாகச் சுருங்கி வந்தது, இந்தக் கேள்வியை மட்டும் காணவில்லை.

அப்புறம் நன்கொடைக் கருவிகள். அதற்கும் ஒரு பத்தி பாராட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் போன மருத்துவமனையில் அமெரிக்காவிலிருந்து வந்த, அறுவையின்போது இரத்தத்தை உறிஞ்சும் கருவி ஒன்று 110 வோல்ட்டுக்குச் செய்தது. அங்கே மின்சாரம் 220. அவசரத்தில் யாரோ நேராகச் சொருகிவிட, எரிந்துபோய் மூலையில் கிடந்தது. அனுப்பியவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1982இல் ஆபரேஷன் ஸ்மைல் என்ற உதட்டுப்பிளவுச் சிகிச்சைத் தொண்டு நிறுவனம் தொடங்கக் காரணமான பயணமே அதே பிக்கோலின் நாகா நகரத்துக்குத்தான். அந்தப் பயணத்தில் சிகிச்சை கிடைத்தவர்களைவிடத் திருப்பி அனுப்பப்பட்டவர்களே அதிகம் என்று அவர்களே சொல்கிறார்கள். 1999இல் வந்த இன்னொரு தொண்டு நிறுவனமான ஸ்மைல் ட்ரெயின், வெளியிலிருந்து ஆள் அனுப்புவதைவிட உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் பணமும் கொடுக்கும் வழியைப் பிடித்துக்கொண்டது. பாதுகாப்பான, கட்டுப்படியான அறுவை சிகிச்சை 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை, ஆண்டுக்கு இன்னும் 14 கோடிக்கு மேல் அறுவை சிகிச்சைகள் தேவை என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் சொன்னது. விடுப்பில் போய் வருகிறவர்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் இது தீருமா? அங்கேயே இருப்பவர்கள் செய்தால்தான் உண்டு. உங்கள் கட்டுரையிலோ உள்ளூர் மருத்துவர் ஒருவராவது கூட நின்றாரா, கற்றுக்கொண்டாரா என்று ஒரு சொல் இல்லை.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த முறை குழு கிளம்பிய பிறகும் உங்கள் நிருபர் இரண்டு நாள் தங்கட்டும். வார்டில் இருக்கும் தாதியின் பெயரைக் கேட்டு எழுதட்டும். பிள்ளையின் படத்துக்கு அந்தத் தாயிடம் அவருக்குப் புரிகிற மொழியில் அனுமதி கேட்கட்டும். இந்தக் கடிதத்தையும் சுருக்கித்தான் போடுவீர்கள் என்றால் சரி, அட்டைப்பெட்டி வெட்டிய தாதியைப் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தோ பாயோ, சிங்கப்பூர்