சிம்மை ஒடித்தால் போதுமா?

ஐயா,

நாளைய உலகில் நடப்பதாக எழுதப்படும் தீவிரவாதத் திகில் தொடர்களில்கூட, "ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினால் இடம் தெரிந்துவிடும்" என்று நாயகி பதறுகிறாள். அது பழைய தரைவழித் தொலைபேசிக் காலத்துச் சங்கதி. கைபேசி மணி அடிக்கும்போதே எந்தக் கோபுரம், அதில் எந்தத் திசை ஆன்டெனா என்பது பதிவாகிவிடும்.

சிம்மை ஒடித்து எறிந்துவிட்டு, அதே கைபேசியில் புது சிம் போட்டுத் தோழியைக் கூப்பிடுகிறாள். கைபேசிக் கருவிக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ அப்படியேதானே இருக்கிறது! கைபேசியையே மாற்றினாலும், கூப்பிடுவது அதே தோழியைத்தான். துப்பறிபவர்கள் முதலில் புரட்டுவது பேச்சை அல்ல. யார், யாரை, எப்போது, எத்தனை விநாடி என்ற அழைப்புப் பட்டியலை. நட்பு அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

ஒட்டுக்கேட்பதையோ இன்ஸ்பெக்டர் ஒரே போனில் முடித்துவிடுகிறார்! இந்தியாவில் அதற்கு மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும். ஆணை 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள்தான். அவசரத்துக்கு உயரதிகாரி முன்கூட்டியே தொடங்கலாம். ஆனால் 7 வேலை நாளுக்குள் ஆணை உறுதியாகாவிட்டால் நிறுத்தியாக வேண்டும். அதுவரை கேட்டது சாட்சியமும் ஆகாது. அந்த ஏழாம் நாள் மாலையை எந்த எழுத்தாளரும் ஏன் தொடுவதில்லை?

— ஒரு வாசகர், திருச்சி