அம்மா எழுதாத கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்து, இரண்டு முறையும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அம்மா காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட்டு, "கடைசியில் அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்க நான் பக்கத்தில் இல்லையே" என்று ஒரு வரியோடு நிறுத்தியிருந்தாய். அந்த வரிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை தாமதம்.

இங்கே எல்லோரும் சுகம். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து, மறுபடியும் படிக்க முடிகிறது. முதலில் கையில் எடுத்தது சோவியத் எழுத்தாளர் வசீலி கிராஸ்மன். இந்தக் கடிதம் பெரும்பாலும் அவரைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

கல்லூரி நாட்களில் நியூ செஞ்சுரி புத்தக வேன் வந்தால் மெஸ் காசை எடுத்துக்கொண்டு ஓடுவோமே, அப்படி வாங்கிய மாஸ்கோ புத்தகங்கள் எதிலும் இவர் பெயரைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

1905இல் உக்ரைனில் பெர்டீச்சிவ் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சு ஆசிரியை. மகன் மாஸ்கோவில் வேதியியல் படித்து, தொன்பாஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, அப்புறம் எழுத்துக்கு வந்தார். 1941 ஜூனில் ஜெர்மன் படை சோவியத் நாட்டுக்குள் நுழைந்தபோது கனத்த உடம்பு, கண்ணாடி, துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லை. படைவீரனாக எடுக்க மாட்டார்கள் என்பதால், ராணுவத்தின் 'செந்நட்சத்திரம்' நாளிதழுக்கு நிருபராகப் போனார். ஆயிரம் நாட்களுக்கு மேல் போர்முனையிலேயே இருந்தார். ஸ்டாலின்கிராட், கூர்ஸ்க், கடைசியில் பெர்லின்.

அவர் வேலை செய்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. ஆட்களிடம் பேசும்போது நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார், எல்லாவற்றையும் ராத்திரிதான் எழுதுவார். ஸ்டாலின்கிராட்டில் சைபீரியப் படைப்பிரிவின் தளபதி குர்த்தியெவ், வாயே திறக்காத மனிதர். அவரையே ஆறு மணி நேரம் பேச வைத்துவிட்டார் என்று மற்ற நிருபர்கள் அசந்துபோனதாக இதழாசிரியர் ஒர்த்தென்பெர்க் சொல்லியிருக்கிறார். அந்தப் படைப்பிரிவைப் பற்றி எழுதிய கட்டுரையின் வாசகம் ஒன்று இன்றும் அந்த நகரத்து மமாயெவ் குன்றுப் போர் நினைவிடத்துச் சுவரில் இருக்கிறது. எழுதியவர் பெயரை மட்டும் பொறிக்காமல் விட்டுவிட்டார்கள்.

1944இல் போலந்தில் திரெப்ளிங்கா வதைமுகாம் இருந்த இடத்துக்குப் போனார். நாஜிகள் எல்லாவற்றையும் இடித்து, மேலே லூபின் செடி விதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் மண் எலும்புத் துணுக்குகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தப்பிப் பிழைத்தவர்களையும் சுற்றுவட்டார மக்களையும் விசாரித்து அவர் எழுதிய கட்டுரை, நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணையில் பயன்பட்டது. இறந்தவர்கள் 30 லட்சம் என்று கணக்கிட்டிருந்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்வது 8 முதல் 9 லட்சம். எண்ணிக்கையில் தவறினாலும், அந்த முகாம் எப்படி நடந்தது என்று அவர் காட்டியது தவறவில்லை. அதை இரவில் படிக்காதே.

உன் வரியைப் படித்ததும் இவர் நினைவு வந்ததற்குக் காரணம் வேறு. போர் தொடங்கிய சமயத்தில் அம்மாவை பெர்டீச்சிவிலிருந்து மாஸ்கோவுக்கு அழைத்துவர நினைத்தார். வீடு சின்னது, இடமில்லை என்று மனைவி தயங்க, அவரும் வற்புறுத்தவில்லை. ஜூலை தொடக்கத்திலேயே ஜெர்மானியர்கள் அந்த ஊரைப் பிடித்துவிட்டார்கள். செப்டம்பர் 15 அன்று ஊருக்கு வெளியே குழிகளின் ஓரத்தில் ஆயிரக்கணக்கான யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் அம்மாவும் ஒருத்தி. 1944இல் அந்த ஊருக்குத் திரும்பிப் போனபோதுதான் நடந்தது முழுதாகத் தெரிந்தது. முன்பின் தெரியாத எத்தனையோ பேர் பேச்சை அத்தனை பொறுமையாகக் கேட்ட மனிதனுக்கு, தன் அம்மாவின் கடைசி வார்த்தை கிடைக்கவில்லை.

அதை அவரே எழுதினார். 'வாழ்வும் விதியும்' நாவலில் ஓர் அத்தியாயம் முழுக்க ஒரு கடிதம். யூதர்களை அடைத்துவைத்த வேலிக்குள் இருக்கும் தாய், விஞ்ஞானியான மகனுக்கு எழுதுவது. அக்கம்பக்கத்தார் எப்படி மாறிப்போனார்கள், எதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள், நாளைக்குச் சாகப்போகும் குழந்தைகளுக்கு எப்படிப் பாடம் சொல்லித் தருகிறாள் என்றெல்லாம். மகனைக் குறை சொல்லி ஒரு சொல் கிடையாது. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாவல் ஸ்டாலின் ஆட்சியையும் ஹிட்லர் ஆட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. விடுவார்களா? 1961 பிப்ரவரியில் சோவியத் உளவுத்துறையான கேஜிபி வந்து கையெழுத்துப் படிகளோடு கார்பன் தாளையும் தட்டச்சு ரிப்பனையும்கூட எடுத்துப் போனது. அவரைக் கைது செய்யவில்லை, புத்தகத்தைத்தான் கைது செய்தார்கள். புத்தகம் சிறையில் இருக்கும்போது எனக்கு மட்டும் விடுதலை எதற்கு என்ற பொருள்பட அப்போதைய சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கு எழுதிப் பார்த்தார். பயனில்லை. 1964 செப்டம்பரில் புற்றுநோயில் இறந்தார், அச்சில் பார்க்காமலேயே. நண்பர்கள் ஒளித்து வைத்திருந்த படி நுண்படமாக நாடு தாண்டி, 1980இல் சுவிட்சர்லாந்தில் புத்தகமானது. அவர் நாட்டில் 1988இல்தான் வந்தது.

இவர் நாயகன் மாதிரி எப்போதும் நிமிர்ந்தே நின்றவர் இல்லை. 1953இல் யூத மருத்துவர்கள் மேல் பொய்ப்பழி சுமத்தப்பட்ட நேரத்தில், அவர்களுக்கு எதிரான ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வெட்கத்தையும் நாவலுக்குள் கொண்டுவந்துவிட்டார். தன் பாத்திரத்தையும் அதே மாதிரி கையெழுத்துப் போட வைத்து, அந்த இரவைக் கொஞ்சமும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இதனால்தான் அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இன்னொன்று. அம்மா இறந்து 9 வருடம் கழித்து ஒன்று, 20 வருடம் கழித்து ஒன்று என்று அம்மாவுக்கே இரண்டு கடிதம் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாவது, நாவல் பறிபோன அதே 1961இல். நான் இறந்த பிறகும் உனக்குக் காணிக்கையாக்கிய அந்தப் புத்தகத்தில் நீ இருப்பாய், அதன் விதியும் உன் விதி மாதிரிதான் ஆகிவிட்டது என்கிறார்.

புத்தகத்தைத் தபாலில் அனுப்புகிறேன். ஆங்கில மொழிபெயர்ப்புதான், பருமன் பார்த்துப் பயப்படாதே. அந்தக் கடிதம் இருக்கும் பக்கத்தில் பழைய பஸ் டிக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன். மனசு ஒத்துழைக்கும்போது படி, அவசரமில்லை.

பொங்கல் முடிந்ததும் வருகிறேன், இரண்டு நாள் தங்குகிறேன். நீ அம்மாவைப் பற்றிப் பேசு. கேட்கத்தான் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்