இரண்டு கூட்டணியும் ஒன்றாக வேண்டாம், ஒரு தாள் போதும்

சனிக்கிழமை இரவுகளில் ஹார்ட்ஸ் ஒஃப் அயன் 4 என்ற இரண்டாம் உலகப்போர்க் கணினி ஆட்டத்தை ஆடும் நம்முடைய குழுவில், நேச நாடுகளை நடத்தும் அண்ணன்மாருக்கும் சோவியத் பக்கம் நிற்கும் தம்பிமாருக்கும் திருகோணமலையிலிருந்து எழுதுவது.

போன ஆட்டம் எப்படி முடிந்தது என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆட்டக் கணக்கில் 1942 கோடை முடிவதற்குள் மொஸ்கோ போய்விட்டது. அந்த நேரத்தில் சோவியத் டிவிஷன்கள் பாதித் துப்பாக்கியோடு நின்றன. பிரித்தானியாவின் கையிருப்பிலோ யாரும் தொடாத தளவாடம் குவிந்து கிடந்தது. நான் பிரித்தானிய இந்தியாவோடு கடைசி வரிசையில் இருந்தேன். அங்கே செய்வதற்கு அதிகம் வேலை இல்லாததால் இரண்டு பக்கத்துப் பேச்சையும் ஆறுதலாகக் கேட்க முடிந்தது. சோவியத் லென்ட்-லீஸ், அதாவது தளவாட உதவி, கேட்டது. "முதலில் எங்கள் கூட்டணிக்குள் வா, பிறகு பார்ப்போம்" என்று பதில் வந்தது. "நாங்களே ஒரு கூட்டணியின் தலைமை, உங்களுக்குக் கீழே எப்படி வருவது?" என்று அந்தப் பக்கம் முறுக்கியது. இந்த இழுபறியில் ஒரு குளிர்காலமே கழிந்தது. ஜேர்மனியை ஆடியவர் ஒரு வார்த்தை பேசாமல் தண்டவாளத்தைத் திருத்திக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்தார்.

இப்போது வட்ஸ்அப் குழுவில் புதிதாக ஒரு யோசனை ஓடுகிறது. அடுத்த ஆட்டத்தில் சோவியத் தலைமையிலான கொமின்டேர்ன் கூட்டணியைக் கலைத்துவிட்டு, எல்லோரும் நேச நாடுகள் என்ற ஒரே கூட்டணியாக நிற்போம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

இந்த ஆட்டத்தில் ஒரு நாடு ஒரு கூட்டணியில்தான் இருக்கலாம். உள்ளே வந்துவிட்டால் மற்றவர்களுடைய போருக்கும் அழைப்பு வரும். ஜப்பான் மலாயாவில் இறங்கியதும் பிரித்தானியா எல்லோரையும் கூப்பிடும். அப்போது சோவியத் என்ன செய்வது? மொஸ்கோவுக்கு முன்னால் ஜேர்மன் டாங்கி நிற்கும்போது அமூர் நதிக்கரைக்கும் இருபது முப்பது டிவிஷன் அனுப்புவதா? அனுப்பாமல் சண்டைக்கு மட்டும் தலையாட்டினால் பசிபிக் துறைமுகமான விளாடிவொஸ்டொக் போகும். உண்மையான ஸ்டாலின் இந்தப் பொறியில் கால் வைக்கவில்லை. 1941 ஏப்ரல் 13 அன்று ஜப்பானுடன் நடுநிலை ஒப்பந்தம் எழுதிவிட்டு, 1945 ஓகஸ்ட் வரை ஜப்பான் மீது போர் அறிவிக்கவே இல்லை. இதனால் அமெரிக்காவுக்குக் கோபம் வந்திருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் சோவியத்துக்குப் போன அமெரிக்க உதவியில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி, அந்த நடுநிலையின் நிழலில்தான் போனது. சோவியத் கொடி கட்டிய கப்பல்கள் உணவையும் எண்ணெயையும் லொறியையும் ஏற்றிக்கொண்டு, ஜப்பானின் கண்ணெதிரே பசிபிக்கைத் தாண்டி விளாடிவொஸ்டொக்கில் இறக்கின. ஆயுதம் அந்த வழியால் போகவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாடும் ஒரே கூட்டணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வழி முதல் நாளே அடைபட்டிருக்கும்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. 1944 இல் ஜப்பானிய இலக்குகளில் குண்டு போட்டுவிட்டு, திரும்ப முடியாமல் சோவியத் மண்ணில் இறங்கிய அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களை மொஸ்கோ திருப்பித் தரவில்லை. நடுநிலை என்று சொல்லி விமானிகளைத் தடுத்து வைத்தது. விமானங்களைக் கழற்றிப் பார்த்து, அதே மாதிரி டியூ-4 என்று சொந்தமாகவே செய்துகொண்டது. விமானிகளைப் பிறகு இரகசியமாக ஈரான் வழியே வெளியே விட்டார்கள். பிரிந்து நின்று உதவுவதில் இந்த மாதிரிக் குசும்புகளும் வரத்தான் செய்யும். வரட்டும், அதற்காகவா மொஸ்கோவை விட்டுக்கொடுப்பது?

ஆகவே பிரிந்தே நில்லுங்கள். ஆனால் ஆட்டம் 1936 ஜனவரியில் தொடங்குவதற்கு முன்னரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை. 1941 ஜூன் 22 அன்று ஜேர்மனி சோவியத்துக்குள் புகுந்தது. மூன்று வாரத்துக்குள், ஜூலை 12 அன்று, பிரித்தானியாவும் சோவியத்தும் மொஸ்கோவில் போட்ட உடன்பாட்டில் சாரம் இரண்டே விடயம். ஒன்று, ஒருவருக்கொருவர் எல்லா உதவியும் செய்வோம். மற்றது, ஒருவரைக் கேட்காமல் மற்றவர் ஜேர்மனியோடு தனியாகச் சமாதானம் பேசமாட்டோம். கம்யூனிசத்தைத் தொட்டிலிலேயே நெரித்திருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் பேசித் திரிந்த சேர்ச்சில்தான் அப்போது பிரதமர். அவருக்கே முடிந்திருக்கிறது. குழுவில் ஸ்டிக்கர் போட்டுச் சண்டை பிடிக்கும் உங்களுக்கு முடியாதா?

உதவி என்று பொதுவாகச் சொன்னால் அது நடக்காது, பட்டியல் வேண்டும். அதே ஆண்டு ஒக்டோபர் 1 அன்று பிரித்தானியாவும் அமெரிக்காவும் சோவியத்தோடு மொஸ்கோவில் எழுதிய முதல் விநியோக உடன்படிக்கையில் மாதம் 400 விமானம், 500 டாங்கி என்று எண்ணிக்கை போட்டார்கள். பிறகு ஆண்டுக்காண்டு புதுப்பித்தார்கள். நாமும் அப்படியே செய்யலாம். துப்பாக்கித் தளவாடம் இத்தனை, லொறி இத்தனை, எந்த மாதம் முதல் என்று முன்னரே எழுதிவைத்தால், நடுராத்திரி வொய்ஸ் சனலில் கெஞ்சலும் கேலியும் இருக்காது. கடல்வழி அனுப்புவதற்குக் கொன்வோய், அதாவது சரக்குக் கப்பல், வேண்டும் என்பதையும் அந்தப் பட்டியலிலேயே சேருங்கள். நீர்மூழ்கி அடித்தால் சாமானும் போகும், கப்பலும் போகும். 1942 ஜூலையில் சோவியத்துக்குச் சாமான் கொண்டுபோன பிக்யூ-17 என்ற தொடரணியில் 24 வணிகக் கப்பல்கள் மூழ்கின. ஆகவே வடதுருவக் கடலுக்குக் காவல் கப்பல் அனுப்புவது பிரித்தானியாவின் தயவாக இருக்கக்கூடாது, தாளில் எழுதிய கடமையாக இருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். இதற்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டாம், எங்கள் துறைமுகத்திலேயே இருக்கிறது. ஆட்ட வரைபடத்தில் இலங்கை ஒரு துளி. நிஜத்தில் 1944 ஏப்ரலில் இந்தக் குடாவுக்குள் நின்ற கப்பல்களைச் சொன்னால் உங்களில் சிலர் நம்பமாட்டீர்கள். பிரித்தானியாவின் இலஸ்ட்ரியஸ், அமெரிக்காவின் சரடோகா என்று இரண்டு விமானந்தாங்கிகள். ரிஷலியூ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல். டச்சுக் குரூசர் ட்ரொம்ப். நியூசிலாந்தின் காம்பியா. போதாக்குறைக்கு ஆஸ்திரேலிய நாசகாரிகள். அட்மிரல் சமர்வில் இந்தக் கலப்புப் படையைக் கூட்டிக்கொண்டு போய் ஏப்ரல் 19 அன்று சுமாத்திராவின் வடமுனையில் உள்ள சபாங் துறைமுகத்தை அடித்தார்.

சபாங்கை ஏன் அன்றைக்கு அடித்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். ஏப்ரல் 22 அன்று அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரின் படை நியூகினியில் ஹொலாண்டியாவில் இறங்கவிருந்தது. சிங்கப்பூர்ப் பக்கம் இருந்த ஜப்பானியக் கடற்படையையும் விமானங்களையும் அங்கே விடாமல் மேற்கே இழுத்துப் பிடிக்கும்படி அமெரிக்கா கேட்டது, சமர்வில் செய்தார். இரண்டுக்கும் இடையில் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர்! கட்டளைப் பிரதேசமும் வேறு, தளபதியும் வேறு. பொதுவாக இருந்தது நாட்காட்டி மட்டும்தான். அவர்கள் எல்லோரும் ஒரே கூட்டணிதானே என்று நீங்கள் மடக்கலாம். சரி, ஆனால் அந்தத் தாக்குதல் கூட்டணிப் பெயரால் நடக்கவில்லை. "உங்கள் ஆள் எப்போது இறங்குகிறார்?" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் தேதியைச் சொன்னதால் நடந்தது. போன ஆட்டத்தில் நேச நாடுகள் நோர்வேயில் இறங்கிய செய்தி சோவியத் தரப்புக்கு வரைபடத்தில் கொடி மாறிய பிறகுதான் தெரிந்தது. ஒரு வாரம் முன்னரே சொல்லியிருந்தால், ஜேர்மனி டிவிஷன்களை வடக்கே ஏற்றுகிற நேரத்தில் கிழக்கில் ஒரு தள்ளுத் தள்ளியிருக்கலாம்.

இதை எழுதுகிற ஊரில் போரை விளையாட்டாக ஆடுவது எல்லோருக்கும் பிடிக்காது. "பட்ட சண்டை காணாதோ?" என்று வீட்டில் கேட்பார்கள், கேட்பதில் நியாயம் இருக்கிறது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்று 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் எரிந்தது. அந்தக் கருகிய இரும்பு இன்னும் காட்டுக்குள் நிற்கிறது. நிலாவெளி வீதியில் அந்தப் போரின் கல்லறைகள் இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு என்னிடம் கைவசம் பதில் இல்லை. சனிக்கிழமை கதவைச் சாத்திவிட்டு ஹெட்செற் போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

யார் எதுவரை போவது என்ற கோடு பற்றியும் சொல்ல வேண்டும். 1944 நவம்பர் 7 அன்று யூகோஸ்லாவியாவில் நிஷ் நகருக்குப் பக்கத்தில் அமெரிக்க விமானங்கள் சோவியத் படை வரிசை ஒன்றை ஜேர்மன் படை என்று நினைத்துத் தாக்கின. ஒரு சோவியத் தளபதியும் அதில் இறந்தார். எந்தக் கோட்டுக்கு அப்பால் மட்டும் குண்டு போடலாம் என்று இரு தரப்புக்கும் ஒழுங்கான பேச்சு இருக்கவில்லை. நம்முடைய ஆட்டத்தில் ஆளுக்கு ஆள் குண்டு போட மாட்டோம்தான். ஆனால் யார் கால் முதலில் பட்டதோ அந்த இடம் அவருக்கு என்ற ஓட்டப்பந்தயம் எப்போதும் நடக்கும். பெர்லினைப் பிடிக்க இரண்டு பக்கமும் முட்டிமோதி, ஒரே தண்டவாளத்தில் சப்ளை நெரிந்து, இரண்டு படையும் பட்டினியாக நிற்பதைப் பார்த்திருக்கிறோம்.

விமானத் தளம் கடன் கொடுப்பதைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. 1944 இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்கு சோவியத் உக்ரைனில் உள்ள பொல்டாவாவில் இடம் கொடுத்தது. ஜூன் 21 இரவு ஜேர்மன் விமானங்கள் வந்து 40 இற்கும் மேற்பட்ட பி-17 ஐத் தரையிலேயே கொளுத்திவிட்டுப் போயின. காவலுக்கு யார் பொறுப்பு என்று எழுத முடியாவிட்டால் தளத்தைக் கேட்காமல் இருப்பதே மேல்.

இனி எல்லோரும் வாய்விட்டுச் சொல்லாத விடயத்துக்கு வருவோம். போன ஆட்டத்தில் லென்ட்-லீஸ் தராததற்கு உண்மையான காரணம் கஞ்சத்தனம் அல்ல, ஆட்டத்தில் போர் முடிந்ததும் வரும் சமாதான மாநாடு. போரில் பங்கெடுத்த அளவுக்குப் புள்ளி, அந்தப் புள்ளியைக் கொடுத்து நாட்டை வாங்குவது என்பது விதி. சோவியத் பலமானால் போலந்தும் ஜேர்மனியும் அவர்களுக்குப் போய்விடும் என்று நேச நாட்டு அண்ணன்மார் 1941 இலேயே கணக்குப் போடுகிறார்கள். சோவியத் தம்பிமாருக்கும் அது தெரியும். ஆகவே அவர்களும் பின்லாந்தில் ஒன்றிரண்டு டிவிஷனை ஒளித்து வைக்கிறார்கள். மாநாட்டு மேசையைப் பற்றிய பயம் போர்க்களத்தில் வேலை செய்கிறது.

இதற்கு மருந்து, பங்கை முதலிலேயே பிரிப்பது. நிஜப் போரில் 1944 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவும் பிரித்தானியாவும் சோவியத்தும் இலண்டனில் ஜேர்மனியை எப்படிப் பிரித்து ஆள்வது என்று கோடு போட்டார்கள். முதல் அமெரிக்க ரோந்து அணி ஜேர்மன் எல்லையைக் கடந்து அப்போது ஒரே ஒரு நாள் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு போர் முடிந்தபோது அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டி துரிங்கியா, சக்சொனி வரை உள்ளே நின்றது. 1945 ஜூலையில் எழுதியபடியே பின்வாங்கிக் கொடுத்தது. நம்முடைய குழுவில் பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடுத்த மனிதரை நான் இன்னும் காணவில்லை. எல்பே நதிக்கு மேற்கே நேச நாடுகள், கிழக்கே சோவியத், போல்கனில் கிரேக்கம் மட்டும் பிரித்தானியாவுக்கு என்று ஏதோ ஒன்றை எழுதுங்கள். என்ன எழுதுகிறீர்கள் என்பதில் நான் தலையிடவில்லை. அந்தக் கோட்டை மீறினால் அடுத்த ஆட்டத்தில் லக்சம்பேர்க்தான் ஆட வேண்டும் என்று தண்டனையையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். உண்மையான போரில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் கெட்டவர்கள் அச்சு நாடுகள்தான். சோவியத்தைத் தாக்கப்போவதை பெர்லின் ஜப்பானோடு சேர்ந்து திட்டமிடவில்லை, பேர்ள் ஹாபரைத் தாக்கப்போவதை டோக்கியோ ஜேர்மனிக்குச் சொல்லவில்லை. நம்முடைய குழுவிலோ ஜேர்மனியும் ஜப்பானும் மச்சானும் மச்சானும், ஒரே வீட்டில் அடுத்தடுத்த மேசை. எண்ணெய் முடிந்தால் ஒருவர் மற்றவருக்குக் கத்திச் சொன்னால் போதும். அந்த இருவரையும் வெல்ல வேண்டுமென்றால் டொரன்டோவில் மத்தியானச் சாப்பாட்டோடு இருக்கும் பிரித்தானியாவும், மட்டக்களப்பில் கரண்ட் போகுமோ என்று பயந்துகொண்டிருக்கும் சோவியத்தும் அவர்களை விட நன்றாகப் பேச வேண்டும். இரு தலைமைக்கும் மட்டும் டிஸ்கோர்டில் ஒரு தனி அறை திறந்து, ஆட்ட நேரத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் நிறுத்திப் பேசலாம். ஆட்டத்தை நிறுத்தினால் சலிக்கும் என்று முறையிடுபவர்கள், போன ஆட்டத்தில் மொஸ்கோ விழுந்த பிறகு நாம் எத்தனை மணி நேரம் சும்மா இருந்தோம் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் தாளின் முதல் வரைவைக் குழுவில் போடுங்கள். எழுதித் தர ஆள் இல்லை என்றால் நான் எழுதுகிறேன், இந்தியாவில் எனக்கு நேரம் கிடக்கிறது. லொறிப் பட்டியலில் என்னையும் சேருங்கள், ஈரான் வழியாகக் கொஞ்சம் அனுப்பலாம். ஆனால் ரப்பர் கேட்காதீர்கள், மலாயா போனால் என்னிடமும் இருக்காது.